பாதி கறுத்த தெரு

"கொழுப்பைத் தொடக்கூடாது." மருத்துவர் சொன்னது அவ்வளவுதான். அன்றிலிருந்து உஸ்பெகிஸ்தானின் மார்கிலான் ஊரில் எர்காஷுக்கு மூன்று வேளையும் ஓட்ஸ் கஞ்சி. கிண்ணத்தை நீட்டுவது மனைவி ஓய்டின். முகத்தைச் சுளித்தால் முறைப்பதும் அவளே.

இது கல்யாண மாதம் வேறு. விடிகாலையில் ஆண்களைக் கூப்பிட்டுக் கொழுப்பு மிதக்கும் புலாவுச் சோறு போடும் ஊர். போகாவிட்டால் மனத்தாங்கல். எர்காஷ் போவார், ஊர் பார்க்க டீ மட்டும் குடிப்பார், ஒரு கிண்ணம் புலாவைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிப்பார். ஓய்டின் சந்தைக்குப் போனதும் திறப்பார். ஆனால் எந்த நிமிடம் திரும்புவாளோ என்ற பயத்தில் ஒரு பருக்கை உள்ளே இறங்காது. யோசித்து யோசித்து, வாசலில் கேமரா மாட்டுவது என்று முடிவெடுத்தார்.

"திருட்டுப் பயம் அதிகமாயிடுச்சு ஓய்டின்."

"நம்ம வீட்ல திருட என்னங்க இருக்கு?"

"கோழி இருக்கே!"

ஓய்டின் கூண்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாங்க, அங்க ஏதோ நடமாட்டம் இருக்கு. மாட்டுங்க."

தெரு முழுக்க செல்போனில் தெரிந்தது. எர்காஷ் இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் எதிர்வீட்டு சனோபர் வந்து நின்றாள்.

"அண்ணே, எங்க மருமக விடிஞ்சதும் வாசல் தெளிச்சுப் பெருக்கறா. யாரைக் கேட்டு அவளைப் படம் பிடிக்கிறீங்க? சம்மதம் இல்லாம பிடிச்சா சட்டப்படி தப்பு. போலீஸுக்குப் போகட்டுமா?"

எர்காஷ் கூண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். போலீஸ் வந்தால் கேமரா எதற்கு என்று கேட்பார்கள். கோழிக்கூண்டு வரை வந்துவிடுவார்கள்.

"மிரட்டாதீங்க அக்கா, நெஞ்சு வலி வந்த உடம்பு," என்றாள் ஓய்டின். "உங்க பக்கத்தைக் கறுப்படிச்சிடறோம்." செல்போனை வாங்கி விரலால் தேய்த்தாள். படத்தில் வலப்பாதி கறுத்துப்போனது.

போகட்டும், சந்தைச் சாலை இடப்பாதியில்தானே வருகிறது என்று எர்காஷ் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் ஓய்டின் கூடையோடு கிளம்பினாள். எர்காஷ் செல்போனைச் சாய்த்து வைத்துக் கிண்ணத்தைத் திறந்தார். தெருவில் ஒரு பூனை. ஒரு சைக்கிள். வேறு யாரும் இல்லை. முதல் கவளம் வாயருகே போனது.

"கை கழுவினீங்களா?"

முதுகுக்குப் பின்னால் ஓய்டின்.

"நீ... எப்படி வந்தே? தெருவுல யாருமே வரலியே!"

"சட்டப்படி வந்தேங்க. சனோபர் அக்கா வீட்டுப் பின்வாசல்ல நுழைஞ்சு, முன்வாசல்ல இறங்கி."

"அப்போ அவ சட்டம் பேசினது..."

"நான்தான் படிச்சுக் காட்டினேன். நல்லாத்தானே பேசினாங்க?" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான் நின்ன நிலைமை எந்தக் கேமராவுலயும் விழல. இன்னொரு தடவை அப்படி நிக்க என்னால முடியாதுங்க."

எர்காஷால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கவளத்தைக் கிண்ணத்தில் போட்டார். அவள் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

செல்போனில் கிண்ணம் தெளிவாகத் தெரிந்தது. ஓய்டின் ஒருமுறை கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கறுப்புக்குள் நுழைந்தாள்.

கறுப்படித்தது படத்துக்கு மட்டும்தான். சனோபரின் சத்தம் நன்றாகவே கேட்டது.

"மருமகளே, தட்டு எடுத்துட்டு வா! நம்ம சம்மதத்துக்குக் கூலி வந்திருக்கு, சூடு பண்ணணும்!"