சீதாலக்ஷ்மியின் சிங்கப்பூர் செலவு

பாச்சுவின் போன் மறுபடியும் 'டிங்' என்றது. தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு ஓடினார்.

சீதாலக்ஷ்மியின் கார்டில் இரண்டு டாலர் இருபது சென்ட் செலவாகியிருந்தது. கடையின் பெயர் வாயில் நுழையவில்லை.

"இன்னொண்ணா!" என்றார் காலண்டரைப் பார்த்து. சமையலறையில் தோசை கரிந்தது.

யாதவகிரி பஜனை மண்டலிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஐந்து நாள் சிங்கப்பூர் கிளம்பியபோது, சீதாலக்ஷ்மியும் பெயர் கொடுத்துவிட்டாள். கணவன்மாரும் வரலாம் என்றுதான் சொன்னார்கள். பாச்சு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். அவருக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை. பார்த்தசாரதி என்கிற பாச்சு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். தண்டவாளம் இல்லாமல் ஓடுகிற எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. விமானம் என்றால் பயம். இது சீதாலக்ஷ்மிக்கு மட்டும் தெரியும். யார் கேட்டாலும் அவளும் "அவருக்கு மூட்டுவலி, பாவம்" என்றே சொன்னாள்.

கூடவே போகாவிட்டாலும் ஒரு கண் வைத்துக்கொள்ள வழி கிடைத்தது. மாடியில் குடியிருந்த மதன்தான் யோசனை சொன்னான். ரொக்கம் கொண்டு போனால் தொலையும். இங்கே வைத்திருக்கும் கார்டை அங்கே தேய்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கட்டணம் பிடிப்பார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கென்றே ஒரு கார்டு இருக்கிறது, முன்கூட்டியே டாலராக ஏற்றிக்கொண்டு போய்விடலாம், ரேட் ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை.

அர்ஸ் ரோட்டில் அந்தக் கார்டு கொடுக்கிற ஆபீஸில், "மொபைல் நம்பர் சொல்லுங்க மேடம்" என்று கவுண்டர் பெண் கேட்டாள். சீதாலக்ஷ்மி வாயைத் திறப்பதற்குள் பாச்சு தன் நம்பரைச் சொல்லிவிட்டார். கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் மெசேஜ் இனி அவருக்கே வரும்.

வரும் வழியெல்லாம் ஆட்டோவில் உபதேசம்.

"ஏடிஎம்ல போய் எடுக்காதே, எடுக்க எடுக்க சார்ஜ் பிடிப்பான். கடைக்காரன் மெஷின்ல ரூபாயா டாலரான்னு கேக்கும். டாலர்னே அமுக்கு. ரூபாய்ன்னு அமுக்கினே, அவன் வெச்சதுதான் ரேட். போன்ல நெட்டை அணைச்சே வெச்சுக்கோ. ஹோட்டல்ல ஓசியில வரும், அங்கே மட்டும் போட்டுக்கோ. ரோமிங்ல ஒரு போட்டோ அனுப்பினா வீட்டை வித்துதான் கட்டணும்."

"மூச்சு விடலாமா? அதுக்கும் சார்ஜ் உண்டா?" என்றாள் சீதாலக்ஷ்மி.

போன அன்று ராத்திரி ஹோட்டலிலிருந்து கூப்பிட்டு, "வந்து சேர்ந்துட்டேன், ஊர் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். மறுநாள் காலையிலிருந்து பேச்சில்லை. கார்டு மெசேஜ்தான்.

முதலில் ஒன்று எண்பது. பாச்சு அதை ரூபாயாக்கிப் பார்த்தார். "பரவாயில்லே, காபி சாப்பிட்டிருப்பா" என்று சமாதானமானார். பிறகு இரண்டு பத்து. அப்புறம் ஒன்று ஐம்பது. இப்போது இரண்டு இருபது. ஒவ்வொன்றும் வேறு வேறு கடை. இவ்வளவு காபி சீதாலக்ஷ்மி ஒரு வாரத்தில் கூடக் குடிப்பதில்லை.

மதனைக் கூப்பிட்டார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். கழுத்தில் ஹெட்போன் தொங்க இறங்கி வந்தான். மெசேஜ்களை வரிசையாகப் பார்த்தான். முகம் மாறியது.

"அங்கிள், இது திருட்டு அங்கிள்."

"என்னடா சொல்றே?"

"கார்டு நம்பரைக் கள்ளத்தனமா எடுத்தவங்க இப்படித்தான் பண்ணுவாங்க. முதல்ல சின்னச் சின்னதா எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. யாரும் கவனிக்கலைன்னா ஒரே அடியா மொத்தமும் போயிரும்."

'டிங்.'

ஏழு டாலர்.

"டெஸ்ட் முடிஞ்சுது அங்கிள்!" என்று அலறினான் மதன். "அமுக்குங்க! அந்தச் சிவப்பு பட்டன்! பிளாக்!"

பாச்சு அமுக்கினார். கார்டு முடக்கப்பட்டது என்று செய்தி வந்தது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். மதன் மேலே போனான். பாச்சு புதிதாக ஒரு தோசை வார்த்துத் தட்டில் போட்டு, சட்னி தொட்டு வாயருகே கொண்டு போனார்.

அங்கேயே கை நின்றது.

திருடன் இல்லாமல் அவளாகவே இருந்தால்?

மனக்கண்ணில் கண்ணாடி பதித்த ஒரு பெரிய கடை. நீண்ட வரிசை. சீதாலக்ஷ்மி கார்டை நீட்டுகிறாள். மெஷின் வேண்டாம் என்கிறது. பின்னால் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். தேவராஜ மார்க்கெட்டில் பூக்காரி சில்லறை இல்லை என்று சொன்னாலே, தான் ஏதோ தப்புப் பண்ணியது போலத் தலை குனிகிறவள் அவள். பசி வேறு தாங்கமாட்டாள்.

போன் போட்டார். ரோமிங்குக்குப் பயந்து அவள் போனையே அணைத்து வைத்திருந்தாள். கூடப் போன மற்றவர்களின் நம்பர் அவரிடம் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒற்றை டிக்கோடு நின்றது.

"நெட்டை அணைச்சு வெச்சுக்கோன்னு நான்தானே சொன்னேன்" என்றார் தோசையிடம்.

பிளாக் பண்ணுவதற்கு ஒரு பட்டன் போதும். எடுப்பதற்குப் பட்டனே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தார். வெகுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஓர் இளைஞன் வந்தான்.

"கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும் சார்."

"அவ ஊர்ல இல்லே."

"ஊருக்கு வந்ததும் பேசச் சொல்லுங்க சார்."

"ஊருக்கு வந்துட்டா அப்புறம் எதுக்கய்யா இந்தக் கார்டு?"

இளைஞன் பணிவாக வணக்கம் சொல்லி வைத்துவிட்டான்.

பாச்சு மாடிக்கு ஏறினார். மதனின் மனைவி நிர்மலா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நிர்மலா, நீ கொஞ்ச நேரம் சீதாவா இருக்கணும்."

"ஐயோ அங்கிள், ஆண்ட்டி மாதிரி அழகாத் தமிழ் பேச எனக்கு பரல்லா! நான் வாயைத் திறந்தா பாதி கன்னடம்தான் வரும்."

"அவ அங்கே பசியோட நின்னுண்டு இருப்பாம்மா."

நிர்மலா துணியைக் கீழே வைத்தாள். சென்ற மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது தினமும் மிளகு ரசம் கொண்டுவந்து கொடுத்தவள் சீதாலக்ஷ்மி.

"குடுங்க போனை."

மறுபடி பாட்டு. மறுபடி அதே இளைஞன். பெயர் கேட்டான், சொன்னாள். பிறந்த தேதி கேட்டான். பாச்சு விரலால் காட்ட, சொன்னாள். கடைசியாகச் செலவு செய்த தொகை கேட்டான்; "ஏழு டாலர்" என்று கம்பீரமாகச் சொன்னாள். பாச்சு இரண்டு கட்டை விரலையும் உயர்த்தினார்.

"இப்போ எங்கே இருக்கீங்க மேடம்?"

"சிங்கப்பூர்ல."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் கீரைக்கூடையுடன் பசம்மா வந்தாள். அவள் குரல் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

"சொப்பூ... மெந்த்ய சொப்பூ... நிர்மலம்மா, சொப்பு பேக்கா?"

இளைஞன் காதில் அது விழுந்துவிட்டது.

"மேடம், சிங்கப்பூர்ல கீரை கட்டு எவ்வளவு?"

"இருபது ரூபாய்" என்றாள் நிர்மலா, பழக்க தோஷத்தில்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இளைஞன் இப்போதும் பணிவாகவே பேசினான். பணம் பத்திரமாக இருக்கிறதாம். ஆனால் யாரோ ஆள்மாறாட்டம் செய்வதாகச் சந்தேகம் இருப்பதால் கார்டைப் பூட்டி வைக்கிறார்களாம். சொந்தக்காரி நேரில் வந்து, அடையாளம் காட்டிய பிறகே திறக்குமாம்.

நிர்மலாவுக்கு அழுகை வந்துவிட்டது. "சாரி அங்கிள். என்னாலதான்..."

"நீ என்னம்மா பண்ணுவே" என்றார் பாச்சு. "என்னைச் சொல்லணும்."

ஜன்னலருகே போய் நின்றார். தூரத்தில் ஏதோ ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மதன் பக்கம் திரும்பினார்.

"மதன், பெங்களூர்லேருந்து சிங்கப்பூருக்கு இன்னிக்கு பிளைட் இருக்கா பாரு."

"யாருக்கு அங்கிள்?"

"எனக்கு."

மதனும் நிர்மலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முழங்கால் வலி அங்கிள் உங்களுக்கு..."

"அது கிடக்கு."

"பாஸ்போர்ட்?"

"சீதா எனக்கும் சேர்த்துதான் எடுத்து வெச்சா. நான்தான் திறந்தே பார்க்கலே."

"விசா வேணும் அங்கிள். ரெண்டு மூணு நாளாவது ஆகும்."

"ஆகட்டும், ஏர்போர்ட் வாசல்ல உக்காந்துக்கறேன். அவ பக்கமா கொஞ்ச தூரமாவது போன மாதிரி இருக்கும்."

கீழே வந்து பெட்டியை இழுத்தார். இரண்டு வேஷ்டி, இரண்டு சட்டை. அவளுக்குப் பசிக்குமே என்று ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வைத்தார். விமானத்தை நினைத்தபோது உள்ளங்கை வியர்த்தது. துடைத்துக்கொண்டு பெட்டியைப் பூட்டினார்.

போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"பார்த்தசாரதி சாரா? நான் சந்துரு. மண்டலி அம்மாக்களைக் கூட்டிட்டு வந்திருக்கிற டூர் மேனேஜர். மேடம் கார்டு வேலை செய்யலையாம், உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாங்க."

"சீதா எப்படி இருக்கா? சாப்பிட்டாளா? அவகிட்ட சொல்லுங்கோ, கார்டை முடக்கினது நான்தான், திருடன்னு நினைச்சு..."

"நல்லா இருக்காங்க சார். இங்கே பறவைப் பூங்காவுல ஒரு பஞ்சவர்ணக் கிளிகிட்டப் பேசிட்டு இருக்காங்க. கிளி பதில் சொல்லாம வரமாட்டாங்களாம்."

பாச்சு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கையில காசில்லாம பசியோட நிக்கறாளோன்னு..."

"பசியா? இப்பத்தான் சார் பூரி சாப்பிட்டாங்க. சாப்பாடு, டிக்கெட் எல்லாம் டூர்லயே சேர்ந்தது. இந்த அஞ்சு நாளும் அவங்க ஒரு சென்ட் கூட எடுக்க வேண்டியதில்லை."

மதனும் நிர்மலாவும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்போ காலையிலேருந்து கடை கடையா என்னதான் வாங்கினா?"

"தண்ணி பாட்டில் சார். பஸ் நிக்கிற இடத்துல எல்லாம் ஒண்ணு. ஒரு இடத்துல தண்ணி கிடைக்கலைன்னு ஏழு டாலர் குடுத்து இளநீர். நம்ம பஸ்லயே பெட்டி பெட்டியா தண்ணி சும்மா இருக்கு மேடம்னு நானும் சொல்லிப் பார்த்தேன்."

"கேக்கலியா?"

"சிரிச்சாங்க சார். 'தண்ணி யாருக்குப்பா வேணும்? நெட்டைப் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார், நான் கார்டைத் தேய்ச்சாத்தான் அவருக்கு மெசேஜ் போகும், இவ நன்னா இருக்கான்னு நிம்மதியா ஒரு தோசை சாப்பிடுவார்'னாங்க."