சில்லு வாத்தியாரும் நாலாவது சில்லும்

மன்னார்த் தீவில் வட்டமாக இருக்கிற எந்தப் பொருளையும் சில்லு வாத்தியாருக்குக் காட்டக் கூடாது. ரொட்டியைக் காட்டினாலும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இடப்பக்கம் நெளிவு" என்பார். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததில்லை. தாழ்வுபாட்டு வீதியில் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிற கொட்டில் வைத்திருக்கிறார். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. அவருடைய தகப்பன் தொங்கவிட்ட ஒரு லொறி றிம்தான் இருந்தது. அதைத் தட்டினால் வெளியே வருவார். வாயால் கூப்பிட்டால் வரமாட்டார்.

என்னிடம் ஒரு கார் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையில்லாத, பழைய இங்கிலாந்துக் கார். அப்பா வாங்கியது. நாங்கள் இந்தியாவுக்கு அகதியாகப் போனபோது அடம்பனில் மாமாவின் மாட்டுக் கொட்டிலில் விட்டுப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் செங்கல்லில் நிற்கிறது. நாலு சில்லும் இல்லை.

வருசக்கணக்காகத் திருத்தினேன். மகளை அதில்தான் கலியாணத்துக்குக் கோயிலுக்கு ஏற்றிப் போவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தபோது கொழும்பிலிருந்து பளபளவென்று நாலு கம்பிச் சில்லு எடுப்பித்தேன். பூட்டுவதற்கு வாத்தியாரைக் கூப்பிட்டேன். புத்தி கெட்ட வேலை.

மனுசன் காருக்குக் கீழே அரை மணித்தியாலம் படுத்துக் கிடந்தார்.

"தம்பி, இது இந்தக் காரின்ரை சில்லு இல்லை."

"பூட்டுதுதானே அண்ணை?"

"மாட்டுக்குச் சப்பாத்தும் பூட்டலாம். பூட்டுறதோ?"

கம்பிச் சில்லுக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுத்தானாம். என் காரிலோ சில்லுக்கு நாலு போல்ட். கொழும்புக்காரன் இடையில் ஒரு இரும்புத் துண்டு வைத்துச் சமாளித்திருக்கிறான். இந்தக் காரோடு வந்தது தகட்டுச் சில்லு. சுற்றிவரச் சின்ன வட்ட ஓட்டைகள், நடுத்தகட்டை றிம்மோடு சேர்த்து றிவெற் ஆணி அடித்திருக்கும்.

"வெல்டிங் எண்டால் பிந்தின காலத்துச் சில்லு. தொடாதையும்."

"கலியாண வீட்டிலை ஆர் அண்ணை சில்லைப் பாக்கிறது?"

"நான் பாப்பன்."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பதினாறு நட்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் அவரோடு சேர்ந்து தேடினேன். அடம்பனில் ஒரு தண்ணீர் வண்டிலின் நாலு சில்லில் மூன்று அந்த மாதிரியே இருந்தன. வாத்தியார் ஒவ்வொன்றையும் ஸ்பானர்ச் சாவியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். றிவெற் என்றால் இரண்டு சத்தம் வருமாம். வண்டில்காரி என்னைப் பார்த்தாள்.

"ஆரப்பா இந்தாள், வண்டிலுக்கு நாடி பிடிக்கிறது?"

வேறு சில்லு கொடுத்து அந்த மூன்றையும் மாற்றினோம். நாலாவது இல்லை.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க, விருந்துக்கு மீன் சொல்லிவைக்க ஓலைத்தொடுவாய்க்குப் போனோம். கரைவலை இழுக்க ஆட்களைக் கூப்பிடுகிற மணி அடித்தது. வாத்தியார் அப்படியே நின்றார்.

"தம்பி, ரெண்டு சத்தம்!"

ஓடினார். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் வாடிக் கொட்டில் முகட்டில் மணியாகத் தொங்கியது என் நாலாவது சில்லு. எப்படி அங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. சம்மாட்டி மறுத்துவிட்டார்.

"இது அடிச்சால்தான் சனம் வலைக்கு வரும். தரேலாது."

பதிலுக்கு என் கொழும்புச் சில்லு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டிப் பார்த்தார்.

"சிணுங்குது. இதுக்குப் பூனையும் வராது. கொண்டு போங்கோ."

வழியெல்லாம் வாத்தியாரைத் திட்டிக்கொண்டு வந்தேன். மகளுக்கு வாடகை வான்தான் என்று முடிவெடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து விடிய, நாலாவது சில்லு என் வாசல் படலையடியில் சாய்ந்து நின்றது. நெளிவு எடுத்து, துருக் கறள் சுரண்டி, பெயின்ற் பூசியிருந்தது. பக்கத்தில் ஒரு தகரப் பேணிக்குள் பதினாறு நட்டு. எப்படித் தந்தார்கள் என்று வாத்தியாரைக் கேட்டேன். "தந்தவை" என்றார். அவ்வளவுதான்.

மகள் அந்தக் காரில் கோயில் வாசலில் இறங்கினாள். சனம் முழுக்க அவளைப் பார்த்தது. வாத்தியார் சில்லடியில் குனிந்து நின்றார்.

"பிள்ளை, முன் இடப்பக்கம் காத்துக் காணாது."

கலியாணம் முடிந்து மறுநாள், அதற்குச் சண்டை பிடிக்கத்தான் அவருடைய கொட்டிலுக்குப் போனேன். தட்டக் கையைத் தூக்கினால் றிம்மைக் காணவில்லை. வெறும் கொக்கி. இப்போது ஓலைத்தொடுவாயில் வலைக்காரரைக் கூப்பிடுவது அதுதான்.

வீட்டுக்குப் போய் ஒரு கம்பிச் சில்லை எடுத்து வந்து கொக்கியில் மாட்டித் தட்டினேன். சிணுங்கியது. மனுசன் வெளியே வந்தார்.

"என்ன கோதாரி இது? கழட்டும்!"

"கழட்டமாட்டன்."

இன்றைக்கும் போகிறபோது வருகிறபோதெல்லாம் அதைத் திட்டுகிறார். ஆனால் கம்பியில் ஒரு பொட்டுக் கறள் இல்லை. எங்கள் உப்புக் காற்றில் அது தானாக நடக்காது.