மோழைக் காளை

ஹெட்லைட்டுக்குள் முடி இருந்தது.

சரவணக்குமார் சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்தான். கண்ணாடி உடைந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கில் விரிசல். ஆயுத பூஜைக்கு ஹெட்லைட்டே தெரியாதபடி சுற்றியிருந்த செவ்வந்தி மாலை அறுந்து, தைலமரக் காட்டோரமாகச் சிதறிக் கிடந்தது. அவனுடைய நெற்றியிலும் முழங்கையிலும் சிராய்ப்பு.

நடந்தது என்னவென்று அவனுக்கே புரியவில்லை. பாஸ்போர்ட் அளவுப் போட்டோ எடுப்பதற்காகக் கறம்பக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தான். பழுப்பாக ஏதோ ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கைப் பிடித்தான். வண்டி சரிந்தது. எழுந்து பார்த்தால் சாலை காலியாக இருந்தது. மோதிய சத்தம் கேட்டதாக நினைவில்லை. ரத்தமும் இல்லை. ஆனால் முடி இருந்தது.

ஒன்றை உருவி வெயிலில் பிடித்தான். சொரசொரப்பாக இருந்தது. அடியில் வெளிர், நுனியில் பழுப்பு. விலங்கியல் படித்தவன். நாய் இல்லை, ஆடு இல்லை, மாடும் இல்லை.

மான்.

மான் என்றால் வனத்துறை. வனத்துறை என்றால் வழக்கு. அவன் இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணை முடியக் காத்திருந்தான். இந்த நேரத்தில் பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் வேலை அவ்வளவுதான்.

முடி முழுவதையும் பொறுக்கிப் புதருக்குள் வீசினான். அப்புறம்தான் வண்டியின் நினைவு வந்தது.

வண்டி அவனுடையது இல்லை. மாமனார் நாகராசுவுடையது என்றும் சொல்ல முடியாது. அவருடைய ஜல்லிக்கட்டுக் காளை சுருளி, வாடிவாசலில் யாருக்கும் பிடிகொடுக்காமல் வாங்கிய பரிசு. டேங்க்கில் சுருளியின் படம் ஒட்டியிருந்தது. மாமனார் அந்த வண்டியைத் துடைப்பாரே தவிர ஓட்ட மாட்டார். எங்கே போனாலும் பழைய மொபெட்தான். அன்று அவர் வெளியே போயிருந்தபோது, மாமியார் அமராவதிதான் சாவியைக் கொடுத்தார். "சும்மாதானே நிக்கிது, எடுத்துட்டுப் போங்க மாப்ள" என்றார்.

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மாமனார் வாசலில் நின்றிருந்தார்.

"என்ன மாப்ள இது?"

"மாடு மாமா. குறுக்க வந்துருச்சு."

சாலையில் மாடு திரியாத ஊர் உண்டா? இதோடு பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தான்.

அமராவதி மஞ்சள் பற்றோடு வந்தார். "முன் பிரேக்கப் பிடிச்சீங்களா மாப்ள? சரளையில வழுக்குமே."

"ஞாபகம் இல்ல அத்தை."

"அதுகெடக்கு" என்றார் நாகராசு. "பசுவா, காளையா?"

பசு என்றால் யார் வீட்டுப் பசு என்று விசாரித்து, அந்த வீட்டுக்கே கூட்டிப்போய் நிறுத்துவார்.

"காளை மாமா."

காளை வளர்க்கிறவரிடம் சொல்லக் கூடாத பொய் அது என்பது அவனுக்கு அப்போது தெரியவில்லை.

"கயிறு கெடந்துச்சா?"

"இல்ல."

"என்ன நெறம்?"

"செவலை."

"அடிபட்டு விழுந்துச்சா?"

"இல்ல மாமா. அது பாட்டுக்கு ஓடிருச்சு."

நாகராசு உடைந்த ஹெட்லைட்டைத் தடவிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று சரவணக்குமார் காத்திருந்தான். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வேறொரு வெளிச்சம் இருந்தது.

"வண்டி கெடக்கட்டும் மாப்ள. ஓடுற வண்டியில மோதிட்டு நிக்காமப் போயிருக்கு பாருங்க. யாரு மாடுய்யா அது?"

சாயங்காலத்துக்குள் அவருடைய குரல், மாடு வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒலித்தது. "கறம்பக்குடி ரோட்டுல ஒரு செவலை, கயித்த அத்துக்கிட்டுத் திரியிது. எங்க மாப்ளையவே வண்டியோட தூக்கி எறிஞ்சிருச்சு. மாட்டுக்காரங்க யாருன்னு சொல்லுங்கப்பா. பேசி முடிச்சுக்குவோம்."

தூக்கி எறிந்ததாகச் சரவணக்குமார் சொல்லவே இல்லை.

மனைவி இலக்கியா அவனை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "என்னங்க செஞ்சு வச்சிருக்கீங்க? அப்பா சோறுகூடத் திங்காம மாட்டப் பத்தியே பேசிக்கிட்டிருக்காரு."

"நான் ஒண்ணும் செய்யல. மாடுன்னு சொன்னேன், அவ்ளோதான்."

"எங்க வீட்ல வந்து மாடுன்னு சொல்லலாமா? லாரின்னு சொல்லிருக்கலாம்ல?"

லாரி என்று சொல்லியிருக்கலாம்தான். அவனுக்குத் தோன்றவில்லை. மான் என்று மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. மெதுவாகப் பேசும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

மறுநாள் காலையில் நாகராசு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தார்.

"கொம்பு எப்பிடி மாப்ள? கிளிக்கொம்பா, விரிகொம்பா?"

எந்தக் கொம்பைச் சொன்னாலும் அந்தக் கொம்போடு ஒரு மாடு எங்காவது இருக்கும். யாரும் ஆசைப்படாத மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"கொம்பே இல்ல மாமா. மோழை."

நாகராசு எழுந்து போய் உடைந்த ஹெட்லைட்டைத் தொட்டார்.

"கொம்பே இல்லாம" என்றார், "வெறும் மண்டையால அடிச்சா இதை ஒடைச்சுச்சு?"

சரவணக்குமார் பதறிப்போனான். "காலு வேற நொண்டி மாமா. ஓடுறப்ப பாத்தேன். ஒண்ணுத்துக்கும் ஆகாத மாடு."

"அடிபட்ட மாட்ட அப்பிடியே விட்டுட்டா வந்தீங்க?"

அன்றைக்கு முழுவதும் தைலமரக் காட்டுக்குள் தேடல் நடந்தது. நாகராசு ஒரு கட்டு வைக்கோலையும் சுளுக்குக்குத் தடவும் எண்ணெயையும் கொண்டுவந்திருந்தார். அவருடைய சிநேகிதர்கள் மரங்களுக்கிடையில் பரவி நின்று "ம்பா, ம்பா" என்று கூப்பிட்டார்கள். சரவணக்குமாரையும் கூப்பிடச் சொன்னார்கள். அவனும் கூப்பிட்டான். எல்லாரும் காளையைத் தேட, அவன் மட்டும் மானைத் தேடினான். இரண்டும் கிடைக்கவில்லை.

திரும்பும்போது அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை காளைதானோ? பழுப்பாகத்தானே இருந்தது? அந்த முடியைத் தூக்கிப் போட்டிருக்கக் கூடாது.

மோழை, நொண்டி என்ற அடையாளங்களும் அன்று ராத்திரியே வாட்ஸப் குழுக்களுக்குப் போய்விட்டன. இல்லாத மாட்டுக்கு ஆள் வராது என்பது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல். எப்படியும் நாலு நாளில் மாமனார் மறந்துவிடுவார்.

அதற்கு அடுத்த நாளே ஆள் வந்தது. குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து சோலையப்பன் என்பவர் மினி வேனில் வந்து இறங்கினார்.

"அண்ணே, ஒங்க வாட்ஸப்பு கேட்டேன். அது நம்ம மாடுதாண்ணே."

வேனின் பின்கதவு திறந்தது. பலகை வழியாக ஒரு காளை இறங்கியது. செவலை. கொம்பு இல்லை. பின்னங்காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தது.

சரவணக்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க குன்றாண்டார்கோவிலு, எங்க கறம்பக்குடி ரோடு? எப்பிடிய்யா வந்துச்சு?" என்று கேட்டார் நாகராசு.

"அத்துக்கிட்டுப் போயிருச்சுண்ணே. எங்க போச்சுன்னே தெரியல. பாத்தா, மறுநா காலையில அதுவா வந்து கட்டுத்தறியில நிக்கிது."

"அம்புட்டுத் தூரமும் நொண்டிக்கிட்டேவா?"

"நொண்டிக்கிட்டேதாண்ணே."

நாகராசு காளையைச் சுற்றி வந்தார். அது கேட்டில் கட்டியிருந்த வாழைக்கன்றைத் தின்ன ஆரம்பித்தது. "என்ன அமைதி பாருங்க மாப்ள" என்றார் அவர். "உள்ள அம்புட்டு வேகத்த வச்சுக்கிட்டு வெளிய காட்டிக்கிறதே இல்ல."

"வெலைக்குத் தர மாட்டேண்ணே" என்றார் சோலையப்பன். "ஒங்களுக்கும் எனக்கும் என்ன யாவாரம்? அந்த வண்டியக் குடுங்க. ஒடைசலோடயே எடுத்துக்கிறேன்."

நாகராசு யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அவருடைய கை சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துவிட்டது. "மாடு சம்பாரிச்ச வண்டி. மாட்டுக்கே போகட்டும்."

"அப்பா!" என்றாள் இலக்கியா.

"நீ சும்மா இரு. மாப்ள, நீங்க ஒருத்தருதான் நேருல பாத்தவரு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இதுதானா?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். காளையும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

ஆமாம் என்றால் சுருளியின் வண்டி ஒரு நொண்டி மாட்டுக்குப் போய்விடும். இல்லை என்றால் வேறு மோழைகள் வேனில் வந்துகொண்டே இருக்கும். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

நாகராசு டேங்க்கின் மேல் குனிந்து, சுருளியின் படத்தைத் துண்டால் துடைத்தார். ஓரம் கிழியாமல் உரித்தெடுக்க வருமா என்று நகத்தால் மெல்ல நெம்பிப் பார்த்தார்.

சரவணக்குமாரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும்.

"மாமா" என்றான். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னக்கி மோதுனது... அது வந்து..."

அதற்குள் அமராவதி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வீட்டுக்குள்ளிருந்து வந்தார். யாரையும் பார்க்காமல் நேராகப் போய், கணவர் கையிலிருந்த சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வண்டியெல்லாம் குடுக்க முடியாதுங்க. லைட்ட ஒடைச்சு, மாலையச் சுத்தி மறைச்சதே நான்தான். மாப்ள எடுத்துட்டுப் போனதுக்கு முந்துன நா வெள்ளன, நான் ஒரு மான்ல கொண்டுபோய் மோதுற வரைக்கும் எனக்கு மூணாவது கியரு நல்லாத்தான் விழுந்துக்கிட்டிருந்துச்சு."