ரெண்டு சுழி வானம்

இந்த வீட்டைக் காலி செய்தே தீருவது என்று சித்திரையில் முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது ராக்கப்பனாகிய நான். அதை முடித்து வைப்பது என் மனைவி அருணாதேவி.

காரணம் கைவசம் இருந்தது. கரிசல் மண் கோடையில் காய்ந்து சுருங்க, கிழக்கு மூலை அஸ்திவாரம் இறங்கி, சுவரில் என் கை நுழையும் அளவுக்கு விரிசல். மழைக்காலத்தில் அதே மூலையில் ஓதம் ஏறும்.

உண்மைக் காரணம் வேறு. எங்கள் மகள் ரோஜாவை ஏற்றிப்போன பட்டாசுக் கம்பெனி வேன் இன்னும் தினமும் காலையில் எங்கள் வாசலில்தான் ஹாரன் அடிக்கிறது, பக்கத்து வீட்டுப் பெண்களுக்காக. போன தீபாவளி சீசனில் கம்பெனியில் அவள் வேலை செய்த அறை வெடித்தது. ரோஜா திரும்பவில்லை. அந்த ஹாரனை என்னால் கேட்க முடியவில்லை. இதை அருணாவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் பழியை விரிசல்மேல் போட்டேன்.

விருதுநகரில் தங்கை வீட்டில் ரெண்டு வாரம் தங்கி வாடகை வீடு பார்த்தேன். திரும்பும்போது கொத்தனார் சங்கிலிமுத்துவைக் கூட்டிவந்தேன். நான் இருமியதும் அவன் 'வீடு தாங்காது, காலி பண்ணுங்க' என்று சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு.

விரிசலை மறைத்து நின்ற பீரோவை நகர்த்திவிட்டு இருமினேன்.

"அண்ணாச்சி, விரிசல் எங்கன இருக்கு?"

பார்த்தேன். கை நுழைந்த இடத்தில் நகம்கூட நுழையவில்லை. மறுபடி இருமினேன்.

"இருமல் பலமா இருக்கே. கசாயம் போடட்டா?" என்றாள் அருணா.

"விரிசல் எங்க போச்சு?"

"நீங்க வீடு பாக்கப் போன அன்னைக்கே மூலையில குழி பறிச்சு தண்ணி விட்டேன். கரிசலு தண்ணி குடிச்சா வாயை மூடிக்கிடும்."

"வீடு பாக்கப் போனது உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க தங்கச்சிதான் போன்ல சொன்னாக. மாடி வீடாமே?"

நானும் கரிசலைப் பின்பற்றினேன்.

சங்கிலிமுத்து தொழில்காரன். சும்மா இருப்பானா? "மதினி, தண்ணி விட்டு எம்புட்டு நாள் ஓட்டுவீக? சுத்தித் தோண்டி, கரிசலை அள்ளிட்டு கிராவல் போட்டு இறுக்கணும். மேல சரிவா சிமெண்டுத் தளம் போட்டா மழைத்தண்ணி உள்ள இறங்காது."

"தோண்டுங்க. இந்த மூலையை மட்டும் தொடாதீக."

"இறங்குனதே இந்த மூலைதான மதினி!"

"இதைத் தொடக்கூடாது."

"ஏன்?" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இங்கன வானம் தோண்டுன அன்னைக்கு நீங்க லோடு ஏத்திட்டு வெளியூர் போயிருந்தீக. அன்னைக்குத்தான் ரோஜாவுக்கு மொதப் பல்லு விழுந்துச்சு. சாணியில பொதிஞ்சு கூரை மேல எறியணும்னேன். கூரை எங்கன இருக்கு? இந்தக் குழியில போட்டுட்டா. 'யம்மா, நான் கூரைக்கும் மேல, வானத்துலயே போட்டுட்டேன்'னு கைதட்டிச் சிரிச்சா."

எங்கள் பக்கம் அஸ்திவாரக் குழிக்கு வானம் என்று பெயர். ரோஜா கம்பெனியில் செய்தது வாணம். முன்னதற்கு ரெண்டு சுழி, பின்னதற்கு மூணு சுழி. அந்த ஒரு சுழிதான் எங்கள் தலையில் விழுந்தது.

"கம்பெனிக்காரக பெட்டியை மூடியே குடுத்தாக. நம்ம கையில என்ன இருக்கு? அந்தப் பல்லு ஒண்ணுதான். மாடி வீட்டுக்கு அதை எப்படிக் கொண்டு போவீக?"

எனக்கு உண்மையாகவே இருமல் வந்தது. கசாயத்தைக் குடித்தேன்.

வீட்டைச் சுற்றி மற்ற இடமெல்லாம் கிராவல் போட்டுத் தளம் பூசியாயிற்று. அந்த மூலை மட்டும் மண்ணாகவே இருக்கிறது. அது காயாமல், ஊறியும் போகாமல், கோடை முழுக்க அளவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான் சங்கிலிமுத்து. தினமும் காலையில் யார் ஊற்றுவது என்று நான் கேட்கவில்லை. அருணா குடத்தை என் கையில் கொடுத்துவிட்டாள்.

எந்த ஹாரனுக்குப் பயந்து ஓடப் பார்த்தேனோ, அது அடிக்கிற நேரத்தில் இப்போது குடத்தோடு வாசலை ஒட்டிய அந்த மூலையில் நிற்கிறேன். முதல் நாள் வேன் வந்து ஹாரன் அடித்ததும் என்னால் முடியவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த மண்ணைப் பார்த்து அழுதுவிட்டேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அந்தத் தண்ணி பத்தாது. குடத்துத் தண்ணியையும் ஊத்துங்க."