எண்ணெய்க் குளியல் போட்ட கம்பளி

அக்டோபர் 18, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு எழுந்தேன். காபி போட்டேன். கார் டயர்களில் காற்று பார்த்தேன், சரியாக இருந்தது. துணி துவைத்து, உலர்த்தி, மடித்து, நிறவாரியாக அடுக்கினேன். ரிச்சர்ட்சனில் எங்கள் பக்கத்து வீட்டில் ராட்டை ஆன்ட்டி இல்லாமல் இருந்தால் அந்த நாளைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருந்திருக்கும்.

டெக்ஸாஸ் மாநிலத்தில் ஆடுகளைவிடக் கம்பளிக்காக அதிகம் கவலைப்பட்டவர் அவர்தான். பாளையங்கோட்டைக்காரர். ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஊரார் வாய்க்குள் பார்த்து அலுத்த பிறகு ராட்டையில் நூல் நூற்க ஆரம்பித்தார். உலகத்துப் பண்டிகை ஒவ்வொன்றுக்கும் ஒரு கலவை வைத்திருந்தார். ஆட்டு ரோமம், பட்டு, மூங்கில் நார், ஜிகினா எல்லாவற்றையும் அந்தப் பண்டிகையின் நிறத்துக்குக் கலந்து சீவி நூற்பார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கம்பளியும் அந்தப் பண்டிகையைக் கொண்டாட வேண்டும் என்பது அவர் கட்சி.

சீனப் புத்தாண்டுக் கலவையைச் சிவப்பு உறையில் வைத்து வாழ்த்தினார். பொங்கல் கலவையைப் பானையில் பாலோடு ஏற்றி, கராஜ் வாசலில் பொங்கவிட்டார்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி பொங்கல்?" என்று என் மனைவி கேட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா? பொங்கல் கம்பளிக்கு. நான் சும்மா கூட நிக்கேன்."

ஊரில் ஒரு நூற்போர் சங்கம் உண்டு. அதில் சேர வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. "வீட்ல நானும் ராட்டையும்தான். அது என்னத்தப் பேசும்? அங்க போனா நாலு பேரோட உக்காந்து நூக்கலாம்லா," என்பார். சேர வேண்டுமானால் சங்கத்தார் முன்னால் சொந்தக் கலவையில் நூற்றுக் காட்ட வேண்டும். நூல் அறக்கூடாது. போன வருஷம் ஹோலிக் கலவையோடு போனார். அது நடுவர் அம்மாளின் வெள்ளைச் சட்டையில் ஹோலி விளையாடிவிட்டது. மறுவாய்ப்பு இந்தச் சனிக்கிழமை மதியம், லைப்ரரியில். இதுவும் போனால் அப்புறம் கிடையாது. இந்த முறை தீபாவளிக் கலவை.

துணி அடுக்கி முடித்தபோது போன் வந்தது.

"தம்பி, கொஞ்சம் வாரீயளா? கம்பளி செத்துப்போச்சு."

போனேன். சமையலறை மேஜையில் அடை மாதிரி ஒன்று கிடந்தது. ஜிகினா மின்னியது. வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசனை.

"என்ன ஆன்ட்டி பண்ணினீங்க?"

"எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுனேன்."

"கம்பளியையா?"

"தீபாவளிக்கு எண்ணெ தேய்க்காம விட முடியுமா? வெந்நி, சீயக்கா, எல்லாம் முறையாத்தான் போட்டேன். எண்ணெ போவல. தேச்சேன். பின்னையும் தேச்சேன்."

வெந்நீரில் போட்டுத் தேய்த்தால் கம்பளி இறுகித் தகடாகிவிடும் என்று எனக்கே பாடம் எடுத்தவர் அவர். ஆனால் தேய்க்கும்போது அவருக்குக் கையில் இருந்தது கம்பளியாகத் தெரியவில்லை, பிள்ளையாகத் தெரிந்திருக்கிறது.

வேறு கம்பளி வெள்ளையில் இரண்டு பிடிதான் மிச்சம். ஆன்ட்டி அடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, உங்க டிரையர் ஃபில்டர்ல பஞ்சு இருக்கா? தீபாவளின்னு ஊரே வீட்டைக் கிளீன் பண்ணித் துணி துவைக்குது. அந்தப் பஞ்சு பூரா தீபாவளிதானே?"

துணி உலரும்போது ஃபில்டரில் ஒட்டும் பஞ்சு என் டிரையரில் எப்படி இருக்கும்? ஒவ்வொரு முறையும் வழித்தெடுத்து எறிந்துவிடுகிறவன் நான். அதற்காக முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

வீடு வீடாகப் போனோம். எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர் எங்களை ஏமாற்றவில்லை. "பஞ்சுங்களா? நான் க்ளீன் பண்ணி மாசக்கணக்கா ஆச்சுங்க. இருங்க, கொண்டாறேன்," என்று உள்ளே ஓடினார்.

மாடியிலிருந்து அவர் மகள், "டாட், தட்ஸ் எ ஃபயர் ஹேஸர்ட்," என்றாள்.

"சும்மா இரு கண்ணு. ஆன்ட்டிக்கு யூஸ் ஆகுதில்ல?"

என் மனைவி ஒரு பழைய பட்டுப்புடவையின் சரிகையைக் கத்தரித்துக் கொடுத்தாள். ராட்டையை முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்தோம். ஆன்ட்டி பின்சீட்டில் இரண்டு முள் பிரஷ்களோடு உட்கார்ந்து, ஃப்ரீவே முழுவதும் பஞ்சையும் கம்பளியையும் சேர்த்துச் சீவிக்கொண்டே வந்தார். இருவரும் லைப்ரரி வரை தும்மினோம்.

நடுவர் அம்மாள் இந்த முறை கறுப்புச் சட்டையில் வந்திருந்தார். நாற்காலியையும் சற்றுத் தள்ளிப் போட்டிருந்தார். ராட்டை சுழன்றது. நூல் ஓரிடத்தில் புழுவாகப் பருத்தது, ஓரிடத்தில் சிலந்தி இழையாக மெலிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். தும்மலையும்தான். நூல் அறவில்லை.

நடுவர் அம்மாள் அதை விரலில் உருட்டிப் பார்த்து, இதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆன்ட்டி கொஞ்சம் யோசித்தார். "மை நெய்பர்ஸ்," என்றார்.

சேர்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது அவர் அந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே வந்தார். எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம தோறும் மத்தியானம் கூடுவாங்களாம், தம்பி. நாளைக்கே வரச் சொல்லுதாங்க. நான்தான் ஃப்ரீவேல டிரைவ் பண்ண மாட்டேன்லா."

மறுநாள் காலை எழுந்ததும், காபிகூடப் போடாமல், காரின் பின்சீட்டில் ஒரு பாதியை மடக்கி, ராட்டை சாயாதபடி என் தலையணையை முட்டுக்கொடுத்து வைத்தேன். முன்சீட்டை ஆன்ட்டிக்காகத் துடைத்தேன்.