கைசரின் வாய்

"ரோசம்மா! ஓடி வா. இவன் வாய்க்குள்ள என்னமோ முளைச்சிருக்கு!"

மடியில் கறுப்பு நாய்க்குட்டியை இடுக்கிக்கொண்டு அவுசேப்பச்சன் அலறினார். குட்டியின் உதட்டிலும் ஈறிலும் காலிஃபிளவரைக் கிள்ளி ஒட்டியதுபோல மருக்கள்.

"என் மாதாவே! கைமள் சாரோட நாயாச்சே!" என்றாள் மனைவி.

அதுதான் சிக்கலே. அலுவலகத்தில் இடமாற்றப் பட்டியல் கைமள் கையில். சங்ஙனாச்சேரியிலேயே இருப்பதா, காசர்கோட்டுக்குப் பெட்டி கட்டுவதா என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். அந்த மகராசன்தான், "மக வீட்டுக்குப் போறேன். கைசரைப் பார்த்துக்கய்யா, உன்னை விட்டா எனக்கு யாரு?" என்று குட்டியை விட்டுப் போயிருந்தார். சனிக்கிழமை வந்து பார்ப்பாராம்.

"மத்தித் தலையைப் போட்டீங்களே, அதான்!"

"போட்டது நீதான்டி!"

கால்நடை டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "சின்ன நாய்ங்களுக்கு வர்றதுதான். மத்த நாய்க்கு ஒட்டும், மனுஷனுக்கு ஒட்டாது. ரெண்டு மூணு மாசத்துல தானா உதிர்ந்துடும். நோண்டாம சும்மா இருங்க."

"சனிக்கிழமைக்குள்ள உதிருமா டாக்டர்?"

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

சும்மா இருப்பது அவுசேப்பச்சனுக்குப் பிறவியிலேயே வராது. தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினார். கைசர் அதை நக்கி நக்கித் தின்றுவிட்டுப் புது சோபாவில் வயிற்றுப்போக்காகப் போய்வைத்தது. மரு அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "மருவுக்கு எங்க தேவி கோயில்ல புதுத் துடைப்பம் காணிக்கையா வச்சாப் போதும். ஆனா போயிட்டு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது."

"நான் சர்ச் கமிட்டி மெம்பராச்சே சேச்சி!"

"வேண்டுதல் நாய்க்குத்தானே? உங்க மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

மறுநாள் காலை புதுத் துடைப்பத்தோடு கிளம்பினார். முக்கு திரும்பியதும் எதிரே பாதிரியார்.

"என்ன அவுசேப்பே, துடைப்பமும் கையுமா?"

அவுசேப்பச்சன் உதட்டை இறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"வீட்ல ஏதும் பிரச்சினையா?"

அவுசேப்பச்சன் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பாதிரியாருக்கு அதுவே போதும். அவுசேப்பச்சன் கோயிலிலிருந்து திரும்பி வருவதற்குள், ரோசம்மா துடைப்பத்தால் அடித்துப் புருஷனைத் துரத்திவிட்டாள், மனுஷனுக்கு அதிர்ச்சியில் பேச்சே நின்றுபோய்விட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு.

மத்தியானமே காஞ்ஞிரப்பள்ளியிலிருந்து மச்சான் தொம்மி ஜீப்பில் வந்து இறங்கினான், சமாதானம் பேச.

"அளியா, எங்கக்காவுக்குக் கை கொஞ்சம் நீளம்தான். நீங்கதான் பொறுத்துக்கணும்."

"போடா! ஒருத்தரும் என்னை அடிக்கல!"

"அடி வாங்கினவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

 அதற்குள் அவுசேப்பச்சனின் பார்வை தொம்மியின் கக்கத்தில் நின்றுவிட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவன் தூக்கி வந்திருந்த நாய்க்குட்டி. அதே கறுப்பு. அதே உயரம். வாயைப் பிளந்து பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை கைமள் வந்தபோது கைசர் பொன்னம்மா வீட்டு விறகுப்புரையில். தொம்மியின் குட்டிதான் முற்றத்தில் வாலாட்டிக்கொண்டு ஓடியது. போதாததற்குக் கைமளின் கையை வேறு நக்கியது. ரோசம்மா ஜன்னலுக்குப் பின்னால் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பேஷ்! நல்லாக் கொழுகொழுன்னு வச்சிருக்கியே! அவுசேப்பே, நீ காசர்கோடு பேச்சையே மறந்துடு. நான் இருக்கேன்."

அவுசேப்பச்சனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "காப்பி எடு ரோசம்மா! ஏத்தம்பழம் பொரி!" என்று கத்தினார். 

அந்த நேரம் பார்த்து கைமளின் டிரைவர் ரெஜி குட்டியைத் தூக்கி, உதட்டை விலக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

"சார், இது யாரு நாய்? வாயில ஒரு மருகூட இல்லியே! மரு நம்ம பெரிய நாய்ங்களுக்கு ஒட்டிடக் கூடாதுன்னுதானே, மக வீட்டுக்குப் போறதாப் பொய் சொல்லி, கைசரை இவர் தலையில கட்டிட்டுப் போனோம்?"