பூசணிக்காய்க்கும் பல்வலி

சோலோ நகரத்துச் சந்தையில் அன்று முகக்கவசம் இல்லாத ஒரே முகம், விளம்பரத் தட்டியில் படமாய்ச் சிரித்த கொந்தோவின் முகம்தான். பல் வைத்தியர், ஆனால் யார் வாயையும் திறக்கச் சொல்ல மாட்டார். கொரோனாக் காலத்துக்கென்றே கடவுள் செய்து அனுப்பிய வைத்தியர்! கத்தரி விதையைத் தணலில் தூவி, மூங்கில் குழாயால் புகையைக் காதுக்குள் விடுவார். பல்லைத் தின்னும் புழு காது வழியே இறங்கி, தணலை ஒட்டி வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் விழும். பல்லுக்கும் காதுக்கும் நடுவே இப்படியொரு சாலை இருப்பது பல் மருத்துவக் கல்லூரிகளுக்குத் தெரியாது, பாவம்.

வரிசையில் வர்சித்தோ நின்றான். இறைச்சி உருண்டை சூப் விற்பவன்; அவன் கன்னத்திலும் இப்போது ஓர் உருண்டை. பல்லில் மார்ச்சிலேயே அடைத்திருக்க வேண்டிய சின்னக் குழி. அவசரமில்லாத பல்லெல்லாம் பிறகு என்றது சுகாதார நிலையம். பல் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

“வீங்கினா அவசரம்தான், மாஸ். உடனே வரச்சொல்லிக் கதவுலயே எழுதிப் போட்டிருக்காங்க. உனக்குக் காய்ச்சல் வேற” என்றாள் மனைவி சுலஸ்திரி. ‘மாஸ்’ என்பது அந்த ஊர் மனைவிமார் கணவனைக் கூப்பிடும் முறை.

“ஆஸ்பத்திரி போனா கொரோனா ஒட்டிக்கும். இங்க பாரு, எவ்வளவு கூட்டம்!”

“ஆமாமா, கொரோனாவுக்குக் கூட்டம்னா கூச்சமாச்சே!”

அவள் விறுவிறுவென்று முன்னால் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். “வைத்தியரே, எனக்கு முதல்ல. கடைவாய்ப் பல்லு உயிர் போகுது.”

வர்சித்தோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வாயின் ரகசியம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

புகை போயிற்று. கொந்தோ கிண்ணத்தை உயர்த்தினார். வெள்ளை வெள்ளையாய் மிதந்தன. “அம்மாடி! ஒரு குடும்பமே குடியிருந்திருக்கு, இபு!” என்று அவளை அந்த ஊர் வழக்கப்படி அம்மா முறை வைத்துக் கூவினார்.

கூட்டம் “ஆகா” என்றது.

சுலஸ்திரி கவசத்தை இறக்கி வாயை அகலத் திறந்தாள். ஒரு பல்கூட இல்லை. கவசம் வந்ததிலிருந்து, அவள் வெளியே கிளம்பினால் பல்செட்டுக்கு வீட்டில் விடுமுறை. முன்பெல்லாம் விளக்கை அணைத்த பிறகே அதைக் கழற்றியவள், இன்று சந்தைக்கே பொக்கை வாயைக் காட்டினாள்.

“எந்தப் பல்லுப் புழு, வைத்தியரே?”

“அது… பல்லு போனாலும் புழு போகாது, இபு. வேர்ல தங்கிடும்.”

வர்சித்தோவுக்கு வீக்கத்தையும் மீறி ரோசம் வந்தது. குழாயைப் பிடுங்கிப் பக்கத்துக் கடைப் பூசணிக்காயை நோக்கித் திருப்பினான். தணலில் ஒரு பிடி விதை. படபடவென்று வெடித்தது, விதைக்குள்ளிருந்த வெள்ளை முளை கிண்ணத்தில் தெறித்து மிதந்தது.

“பாவம், பூசணிக்கும் பல்வலி!” என்றான்.

சந்தையே சிரித்தது. கொந்தோ தட்டியைச் சுருட்டினார்.

சுகாதார நிலைய வாசலில் வர்சித்தோ தயங்கினான். “எனக்காக எல்லார் முன்னாடியும்…”

“பேசாம உள்ள போய் வாயைத் திற. நான் திறந்தேன்ல?”

சந்தையிலோ ஒருவர், புழு நீங்கிய அந்தப் பூசணிக்காய் என்ன விலை என்று பயபக்தியோடு விசாரித்துக்கொண்டிருந்தார். ஐயா, கவசம் மூக்குக்கும் வாய்க்கும்தான். மூளைக்கும் சேர்த்து மாட்டிக்கொள்ளச் சொல்லி எந்த அரசாங்கமும் உத்தரவு போடவில்லை!